சிவப்புக்குப் பிறகு பத்து நிமிடம்

சாயப்பட்டறைப் பதிவேட்டில் அவள் 'நிறப் பரிசோதகர்'. நேரில் 'லைட்டக்கா'. முதுகுக்குப் பின்னால் 'சின்ன பாய்லர்'. பின்கட்டில் நிற்கிற பெரிய பாய்லருக்காவது பிரஷர் ஏறுவதைக் காட்ட ஒரு முள் இருக்கிறது, இவளுக்கு அதுவும் கிடையாது என்று பாய்லர்காரர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார். அது காதுக்கு வந்த அன்று அவள் நேரே அவரிடம் போனாள். "முள் இல்லைன்னு கவலைப்படாதீங்க. வெடிக்கிற தேதியை முன்கூட்டியே சொல்லி அனுப்பறேன். லீவு போட்டுக்குங்க."

அவள் அறை தரையிலிருந்து கூரை வரை சாம்பல். கதவுத் திரை சாம்பல். உடுத்திய நிறம் வெளியே தெரியாதபடி மேலே ஒரு சாம்பல் கோட்டு. நிறம் பார்க்கிற இடத்தில் வேறு நிறமே இருக்கக்கூடாது. நடுவில் ஒரு விளக்குப் பெட்டி. அதற்குள் மூன்று விளக்கு: பகல் வெளிச்சம் ஒன்று, கடை வெளிச்சம் ஒன்று, வீட்டு மஞ்சள் வெளிச்சம் ஒன்று. வாங்குகிறவன் கொடுத்த துண்டையும் பட்டறையில் சாயமேறி வந்த துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மூன்றிலும் பார்ப்பாள். பகலில் ஒட்டிப்பிறந்தவர்கள் போல நிற்கிற இரண்டு துண்டுகள், கடை விளக்கைப் போட்டதும் சொத்துப் பிரித்த பங்காளிகள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். மூன்றிலும் ஒத்துப்போனால்தான் பாஸ். இல்லையென்றால் வெட்டு ஒன்று, துண்டு இரண்டு. முதலாளியே வந்து நின்றாலும் சரி.

ஒரே தடவையில் சாயமேறி வருகிற துணிக்கு லாட் என்று பெயர். அவளுக்கு ஒரு விதி உண்டு. சிவப்பு லாட் பார்த்த கண்ணால் அடுத்த லாட்டைப் பார்க்கமாட்டாள். ஜன்னல் கதவைச் சாத்திவிட்டு, மடியில் ஒரு சாம்பல் துணியை விரித்து, பத்து நிமிடம் அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். வெளியே எத்தனை பேர் கையில் ஈரத்துண்டோடு நின்று திட்டினாலும் கதவு திறக்காது. "லைட்டக்கா பூஜையில இருக்காங்க" என்று சிரிப்பார்கள்.

அந்த விதி எப்படி வந்தது என்று பட்டறையில் அவளைத் தவிர இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் அவள் வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம். புருஷன் விட்டுவிட்டுப் போய் ஆறு மாதம். ஒருநாள் காலையிலிருந்து வரிசையாக நாலு சிவப்பு லாட். ஐந்தாவதாக வந்தது அறுநூறு கிலோ சாம்பல். துண்டைப் பெட்டிக்குள் வைத்தாள். பச்சை அடித்தது. சந்தேகமே இல்லாத பச்சை, பாசி பிடித்த சுவர் மாதிரி. ஜன்னலை உடைப்பதுபோலத் தட்டி, "எடை போட்டது யாரு? இது சாம்பலா? கண்ணு தெரியாதா உங்களுக்கெல்லாம்?" என்று கத்தினாள்.

சாயப்பொடி எடை போடுகிறவர் ஓடிவந்தார். எந்நேரமும் ஏதாவது ஒரு மெட்டைச் சீட்டியடித்துக்கொண்டிருப்பதால் அவருக்கு 'விசில்' என்று பெயர். "நான் எடை சரியாத்தாம்மா போட்டேன்," என்றார்.

"அப்போ என் கண்ணு பொய் சொல்லுதா?"

அவளுடைய கண் பொய்தான் சொல்லியிருந்தது. சிவப்பையே பார்த்துக் களைத்த கண்ணுக்குச் சாம்பல் பச்சையாகத் தெரியும் என்பது அப்போது அவளுக்குத் தெரியாது. அவள் சொன்னாளென்று சாம்பலில் ஒரு சிட்டிகைச் சிவப்பைக் கூட்டினார்கள். மறுநாள் காலை வெளிச்சத்தில் அறுநூறு கிலோ சாம்பலும் வெட்கப்பட்டு முகம் சிவந்து நின்றது. அவளுக்குப் புரிந்துவிட்டது. பட்டறையை நடத்துகிற சாய மாஸ்டருக்கும் புரிந்துவிட்டது. அவர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். "எடைக்காரன் தப்புன்னே இருக்கட்டும். இன்னொரு கண்ணை நான் எங்க போய்த் தேடுறது? எடைக்காரன் நூறு பேர் கிடைப்பான்."

அவள் வாயைத் திறக்கவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். ஃபேன் ஓடுகிற, ஜன்னல் உள்ள எடை அறையிலிருந்து விசிலைத் தூக்கி நீராவிப் பக்கம் போட்டார்கள். அங்கே வாய்ச்சீட்டி காதில் விழாது. ஆனாலும் அடித்துக்கொண்டேதான் இருந்தார். தினமும் அவர் துண்டு கொண்டுவரும்போது அவள், "அண்ணே, சாப்பிட்டீங்களா?" என்று கேட்பாள். பதினோரு வருடமாக வேறெதுவும் கேட்டதில்லை.

கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை அந்த நீராவிதான் விசிலைப் பிடித்தது.

துணியை வேகவைக்கிற பாத்திரங்கள் அங்கே எட்டு. ஒவ்வொன்றும் ஒரு சிறிய அறை அளவு எஃகு உருளை. உள்ளே கொதிநிலையைத் தாண்டிய தண்ணீர், அழுத்தத்தில் அடைபட்டு நிற்கும். மூடியின் பக்கவாட்டில் விரல் பருமனில் ஒரு தாழ். சூடு இறங்கும் வரை மூடியைத் திறக்கவிடாமல் பிடித்துக்கொள்வது அதன் வேலை. அதற்கு இருபத்தைந்து நிமிடம் ஆகும். பிறகுதான் மூடியைத் திறந்து, துணியில் ஒரு துண்டு வெட்டி, அவள் ஜன்னலுக்குக் கொண்டுவர வேண்டும். அந்தத் தாழை இழுத்துக் கம்பியால் கட்டிவிட்டால் இருபத்தைந்து நிமிடமும் மிச்சம். மூடி நினைத்த நேரத்தில் திறக்கும்.

எட்டாம் பாத்திரத்தின் மூடி அப்படித்தான் திறந்தது.

அலறல் கேட்டு அவள் ஓடியபோது விசில் தரையில் கிடந்தார். வலது கையும் கழுத்தும் உதட்டின் ஒரு பக்கமும் வெந்துபோயிருந்தன. எல்லோரும் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவளும் ஓடினாள். ஆனால் அவள் கண் வேலைக்காரக் கண். ஓடுகிற ஓட்டத்திலேயே அது ஒன்றைப் பார்த்துவிட்டது. தாழை இழுத்துக் கட்டியிருந்தது கம்பி. செம்புக் கம்பி. செம்பு நாலு நாள் நீராவியில் இருந்தால் கறுத்துவிடும். இது கறுக்கவில்லை. நேற்றோ முந்தாநாளோ கட்டியது.

விசிலை வண்டியில் ஏற்றிவிட்டு அவள் திரும்பி வந்தபோது கம்பி இல்லை. தாழ் எண்ணெய் போட்டுத் துடைத்து, ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி தன் இடத்தில் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் மாஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"கம்பி எங்க?" என்றாள்.

"எந்தக் கம்பி?"

அவள் என்ன பேசினாள் என்பதை இங்கே எழுத முடியாது. பெரிய பாய்லர் கூட அன்று அடக்கமாக இருந்தது என்று பிறகு சொன்னார்கள்.

மறுநாள் மேலாளர் கூப்பிட்டனுப்பினார். அவர் குரல் உயர்த்தாத மனிதர். கண்ணாடி அறை, குளிர்ந்த காற்று, மேசைமேல் ஒரு காகிதம். மாஸ்டர் ஓரத்து நாற்காலியில் காலாட்டிக்கொண்டிருந்தார்.

"உட்காருங்கம்மா. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு அரசாங்க ஆய்வாளர் விசாரிக்க வர்றார். அன்னைக்கு அங்க இருந்த எல்லாரும் கையெழுத்துப் போட்டாச்சு. நீங்க மட்டுந்தான் பாக்கி."

அவள் நின்றபடியே படித்தாள். இயந்திரத்தில் எந்தக் குறையும் இல்லை. தொழிலாளி விதியை மீறி, தன் சொந்த அஜாக்கிரதையால் மூடியைத் திறந்தார். கீழே பதினாலு கையெழுத்து. இது நிலைத்துவிட்டால் விசிலின் வேலையும் போகும், வைத்தியச் செலவும் அவர் தலையிலேயே விடியும்.

"யாரு அஜாக்கிரதை? தாழைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தாங்க."

"யார் பார்த்தது?"

"நான்."

"வேற யாராவது?"

அவள் அந்தப் பதினாலு கையெழுத்தையும் பார்த்தாள்.

மேலாளர் பேனா மூடியைக் கழற்றி மாட்டினார். "பாருங்கம்மா, உங்களுக்கு அவர்மேல பாசம். மாஸ்டர்மேல கோபம். அது இந்தப் பட்டறைக்கே தெரியும். ரெண்டையும் கூட்டிப் பார்க்கிறீங்க, 'அநியாயம்'னு விடை வருது. எனக்கு இங்க இருக்கிற நானூறு குடும்பத்துமேல பாசம். நான் கூட்டினா வேற விடை வருது. நியாயம் அநியாயம்னு வெளியில எங்கயாவது கல்லுல வெட்டியா வெச்சிருக்கு? வலிக்குது, அதனால தப்புங்கிறோம். பிடிச்சிருக்கு, அதனால சரிங்கிறோம். அவ்வளவுதானே?"

அவ்வளவு இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனால் அதைச் சொல்லப் போனால் வாயில் கெட்ட வார்த்தைகள்தான் வந்தன. அவற்றை விழுங்கினாள்.

மாஸ்டர் சிரித்தார். "ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டுன்னு சும்மாவா சொன்னாங்க? அன்னைக்கும் இப்படித்தானேம்மா, பச்சை பச்சைன்னு ஜன்னலை உடைச்சே. அடிச்சுச் சொன்னே. இருந்துச்சா பச்சை?"

அவள் காகிதத்தை இரண்டாக மடித்தாள்.

"என்ன பச்சை?" என்றார் மேலாளர்.

"அது பழைய கதை சார். அம்மாவுக்குத் தெரியும். விசிலை அந்தப் பக்கம் அனுப்பினது யாருன்னும் தெரியும்."

காகிதத்தை மேசைமேல் போட்டுவிட்டு அவள் வெளியே வந்தாள். முதுகில் மேலாளர் குரல் மெதுவாக வந்து விழுந்தது. "வெள்ளிக்கிழமை வரைக்கும் நேரம் இருக்கும்மா. கோபம் தணிஞ்சதும் போடுங்க."

வழியெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாஸ்டர்மேல், மேலாளர்மேல், பதினாலு கையெழுத்துமேல். பேருந்தில் காலை மிதித்தவனை அவள் பார்த்த பார்வையில் அவன் இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கிவிட்டான். ஆனால் அத்தனை கொதிப்புக்கு அடியில் ஒரு ஈரமான பயமும் இருந்தது. மாஸ்டர் கேட்டதில் ஒன்று முள்ளாகக் குத்தி நின்றது. அன்றைக்கும் இதே உறுதி. இதே உள்ளங்கைச் சூடு. அது பொய்யென்றால் இது எப்படி மெய்?

வீட்டில் கீழே அவளும் மகனும், மேலே தம்பி குடும்பம். தம்பியும் அதே பட்டறையில் இயந்திரம் பார்க்கிற பிட்டர். மாலை வெயில் இறங்கியதும் துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போனாள். கொடியின் ஒரு முனையைச் சுவர்க் கொக்கியோடு தம்பிதான் கட்டியிருந்தான், போன மாதம். செம்புக் கம்பி. வெயிலில் அது கறுக்கத் தொடங்கியிருந்தது.

அவள் துணியை எடுக்கவில்லை.

இறுக்கமான முறுக்கு. கடைசியில் கம்பியின் முனையை வளைத்து உள்ளே மடக்கி வைத்திருந்தான். சின்ன வயதில் அவன் கட்டிய ஒரு கம்பி அவள் உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. அவளைவிட அவன்தான் அதிகம் அழுதான். அன்றிலிருந்து எதைக் கட்டினாலும் முனையை மடக்காமல் விடமாட்டான். வேறு எந்தப் பிட்டருக்கும் அந்தப் பொறுமை கிடையாது.

எட்டாம் பாத்திரத்துக் கம்பியும் முனை மடங்கித்தான் இருந்தது. கண் அதைச் செவ்வாய்க்கிழமையே பார்த்திருந்தது. மனசுதான் வாங்கிக்கொள்ளாமல் வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தது.

அவள் கொடியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். இனி கோபம் இறங்கும் என்று நினைத்தாள். நேற்றிலிருந்து அதற்கு மாஸ்டரின் முகம் இருந்தது. இப்போது தன் தம்பியின் முகம். முகம் மாறினால் சூடு இறங்கத்தானே வேண்டும்? மேலாளர் சொன்னது சரியென்றால் இறங்கியிருக்க வேண்டும். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். சதை ஆடத்தான் செய்தது. கோபம் ஆடவில்லை. வைத்த இடத்தில் வைத்த நிறத்தில் நின்றது.

தம்பி குளித்துவிட்டுத் தலையைத் துவட்டியபடி வந்தான். "என்னக்கா, கொடியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற? காயப் போட்டிருக்காங்களா உன்னை?"

"எட்டாம் நம்பர்ல கம்பி கட்டினது நீதானே?"

துண்டு தலையிலேயே நின்றது. "மாஸ்டர் சொன்னார்."

"மாஸ்டர் கிணத்துல குதின்னா குதிப்பியா?"

"ஏன் குதிக்கணும்? இதுல நான் ஒண்ணும் குதிக்கலையே."

"ஆமாண்டா. நீ குதிக்கல. அவரைத் தள்ளிவிட்ட."

"அக்கா, எல்லாப் பட்டறையிலும் கட்டறாங்க. உலகத்துக்கே தெரிஞ்ச விஷயம். அவர் கொஞ்சம் தள்ளி நின்னு திறந்திருக்கணும்."

"முனையை மடக்கியிருக்க."

"என்ன?"

"கம்பி முனையை மடக்கியிருக்கடா! யார் கையிலயும் குத்திடக்கூடாதுன்னு!" அவள் குரல் பக்கத்து மாடிகளுக்கெல்லாம் கேட்டது. "அவ்வளவு நல்லவன் நீ! குத்தக்கூடாது, ஆனா வேகலாமா?"

சத்தம் கேட்டுத் தம்பி மனைவி ஓடிவந்தாள். "அண்ணி, மெதுவாப் பேசுங்க. கீழ பிள்ளைங்க படிக்குதுங்க."

"படிக்கட்டும். அப்பா கட்டின கதையையும் சேர்த்துப் படிக்கட்டும்."

தம்பிக்கும் ஏறிவிட்டது. "நிறுத்துக்கா. அந்த ஆள் உன்னை நடுத்தெருவுல விட்டுட்டுப் போனப்ப உன்னையும் பையனையும் கூட்டிட்டு வந்தது யாரு?"

"நீ."

"இந்த வீட்டுல வெச்சது?"

"நீதான்."

"அப்போ?"

"அதுவும் நிஜம். இதுவும் நிஜம். அதை வெச்சு இதை அழிக்கப் பார்க்காதே."

"பெருசா நியாயம் பேச வந்துட்ட. பதினோரு வருஷத்துக்கு முன்னாடி அந்தச் சாம்பல் லாட்டுல நீ வாயை மூடிக்கிட்டுத்தானே இருந்தே? என்கிட்ட நீயே சொல்லி அழுதியே. அப்ப எங்க போயிருந்துச்சு இந்த நியாயம்?"

இந்த அடியை அவள் எதிர்பார்க்கவில்லை. கொடியை விட்டாள். கொடி அதிர்ந்து துணிகள் ஆடின.

"அது இங்கதான் இருந்துச்சு. நான்தான் இல்லை."

தம்பி மனைவி மெதுவாகத் துணிகளை எடுக்கத் தொடங்கினாள், ஏதாவது செய்யவேண்டுமே என்று.

"வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு நீயே சொல்லிடு," என்றாள் அவள். "நீ சொன்னா, மாஸ்டர் சொல்லித்தான் கட்டினேன்னு கேட்பாங்க. நான் சொன்னா உன்னைக் காட்டிக்குடுத்த மாதிரி ஆயிடும். எப்படியும் அது வெளிய வரும்."

"எனக்கு வேலை போகும்கா. உள்ள தூக்கி வெச்சாலும் வைப்பாங்க."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

அவள் படியிறங்கினாள். வியாழக்கிழமை முழுவதும் மாடியிலிருந்து ஒரு காலடிச் சத்தம்கூடக் கேட்கவில்லை. மகன் மட்டும், "மாமா ஏம்மா சாப்பிட வரல?" என்று கேட்டான். "பசிச்சா வருவார்," என்றாள். அவளுக்கும் சோறு இறங்கவில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டு, கழுவிய தட்டையே மறுபடியும் கழுவினாள்.

வெள்ளிக்கிழமை காலை என்ன கணக்கோ, வரிசையாகச் சிவப்பாகவே வந்தது. மூன்று லாட். மூன்றையும் பார்த்து முடித்தபோது பத்து ஐம்பது. அலுவலகத்திலிருந்து ஆள் வந்து ஜன்னலைத் தட்டினார். "கூப்பிடறாங்கக்கா. ஆய்வாளர் வந்துட்டார்."

"பத்து நிமிஷம்."

"இன்னைக்குமா? துண்டு பார்க்கவா போறீங்க?"

"பத்து நிமிஷம்னு சொன்னேன்."

கதவைச் சாத்தி, சாம்பல் துணியை மடியில் விரித்தாள். முதலில் அது பச்சையாகத்தான் தெரிந்தது. எப்போதும் அப்படித்தான். பச்சை கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று, துணி தன் நிறத்துக்கு வரும். இத்தனை வருடத்தில் ஒருநாளும் அது வராமல் இருந்ததில்லை.

மாஸ்டர்மேல் உள்ள பகையை நினைத்துப் பார்த்தாள். அந்த ஆள் தங்கமான மனிதன் என்றே வைத்துக்கொண்டாள். கம்பி தப்புதான். விசில் தனக்கு யாரோ, அவரிடம் தான் எந்தக் கடனும் படவில்லை என்று வைத்துக்கொண்டாள். தப்புதான். தம்பியை நினைக்க முடியவில்லை, நினைத்தாள். அப்போதும் தப்பு அங்கேயே நின்றது.

பிறகு செவ்வாய்க்கிழமைக் காலை தானாக வந்தது. மூடி திறப்பதற்குக் கொஞ்சம் முன்னால் ஜன்னல் வழியாக ஒரு பெண் குரல் கத்தியிருந்தது. "எட்டு எங்கப்பா? துண்டு எப்ப வரும், அடுத்த வருஷமா?" அது அவள் குரல்.

மடியில் துணி சாம்பலாகியிருந்தது. எழுந்தாள்.

விசாரணை அறையில் ஆய்வாளர் நடுவில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு எழுதுகிற, தூக்கம் கலையாத முகம். ஒரு பக்கம் மேலாளர், மாஸ்டர். எதிரே தம்பி நகக்கண்ணில் இருந்த கிரீஸைச் சுரண்டிக்கொண்டிருந்தான். கதவோரம் விசிலின் மனைவி, ஆஸ்பத்திரிப் பையை மடியில் வைத்துக்கொண்டு.

"பிட்டர் என்ன சொல்றார்?" என்று ஆய்வாளர் கேட்டுக்கொண்டிருந்தார்.

தம்பி வாயைத் திறந்தான். மாஸ்டரைப் பார்த்தான். "மெஷின்ல குறை எதுவும் இல்லை சார்."

அவளுக்கு உச்சந்தலையில் சூடு ஏறியது. உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை.

"தாழைக் கம்பியால கட்டியிருந்தாங்க. புதுச் செம்பு. மூணு முறுக்கு, முனையை உள்ள மடக்கி. கட்டினது என் தம்பி. கட்டச் சொன்னது மாஸ்டர். துண்டு சீக்கிரம் வேணும்னு கத்தினது நான். மூணு பேரையும் எழுதிக்குங்க."

மேலாளர் இரண்டு கைகளையும் மென்மையாக விரித்தார். "சார், அம்மா ரொம்பக் கோபத்துல இருக்காங்க..."

"கோபத்துலதான் இருக்கேன். ஒரு மனுஷன் வெந்து கிடக்கிறப்ப கோபம் வரலேன்னா எனக்குத்தான் ஏதோ கோளாறு. சுட்டா கை இழுத்துக்குதே, கை இழுத்ததாலயா அடுப்பு சூடாச்சு?"

"அன்னைக்கும் இப்படித்தான் சார்," என்று மாஸ்டர் குறுக்கே விழுந்தார். "இல்லாத பச்சையை இருக்குன்னு அடிச்சுச் சொன்ன கண்ணு சார் இது. கேளுங்க, இல்லேங்கட்டும்."

"இல்லைன்னு ஏன் சொல்லணும்? ஆமா. தப்பாப் பார்த்தேன்." அவள் ஆய்வாளரை விட்டுவிட்டு மாஸ்டரிடம் திரும்பினாள். "தப்பாப் பார்த்தேன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது? நான் எப்படிப் பார்த்தாலும் துணி சாம்பலாவேதானே இருந்துச்சு? அதனாலதானே என் கண்ணு தப்பாச்சு? சார் சொல்ற மாதிரி எல்லாம் அவங்கவங்க மனசுன்னா அன்னைக்கு நான் சொன்ன பச்சையும் சரிதானே, அப்புறம் எதுக்குப் பதினோரு வருஷமா அதைச் சொல்லியே என்னை மிரட்டறீங்க?"

மாஸ்டரின் ஆடுகிற கால் நின்றது.

"அந்தப் பச்சைக்குப் பழியைத் தூக்கி எடைக்காரர்மேல போட்டோம். நீங்க போட்டீங்க, நான் பேசாம இருந்தேன். அவர் எடை சரி. என் கண்ணுதான் தப்பு. அதனாலதான் அவர் நீராவிக்குப் போனார். இதையும் எழுதிக்குங்க."

கதவோரத்தில் பை கீழே விழுந்த சத்தம் கேட்டது. அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் அதற்குமேல் பேசியிருக்க முடியாது.

ஆய்வாளர் பேனாவை நிறுத்தினார். "கம்பியை நீங்க ஒருத்தர்தான் பார்த்ததா சொல்றீங்க. மூணு முறுக்குன்னு அவ்வளவு துல்லியமா..."

"நாலு."

எல்லோரும் திரும்பினார்கள். தம்பி இன்னும் நகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாலு முறுக்கு," என்றான். "மூணு போட்டா நீராவி அதிர்வுல நழுவும். நான் எப்பவும் நாலுதான் போடுவேன்."

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ஆய்வாளருக்குத் தூக்கம் கலைந்துவிட்டது. கீழே இறங்கி ஒவ்வொரு பாத்திரமாகப் பார்த்தார். எதிலும் கம்பி இல்லை. ஆனால் ஐந்து தாழ்களில் கம்பி தேய்த்த இடம் மோதிரம் கழற்றிய விரல் மாதிரி பளபளத்தது. பதினாலு கையெழுத்துப் போட்டவர்களில் இரண்டு பேர் தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் வந்தார்கள். மேலாளர் யாரிடமோ தொலைபேசியில் முதன்முறையாகக் குரலை உயர்த்தினார். தம்பி தன் கருவிப்பையைத் தானே கொண்டுவந்து மேசைமேல் வைத்தான். அவளைத் தாண்டிப் போகும்போது ஒரு கணம் நின்றான். ஏதோ சொல்லப்போகிறான் என்று நினைத்தாள். சொல்லவில்லை. அவனுக்கும் கோபம். அது நாளைக்கே தீருகிற கோபம் இல்லை என்று அவன் தோளைப் பார்த்தே தெரிந்தது.

படிக்கட்டில் விசிலின் மனைவி நின்றிருந்தாள். நன்றி சொல்ல நிற்கிறாளோ என்று ஒரு நொடி தோன்றியது. அந்த ஒரு நொடிக்காக அவள் பிற்பாடு ரொம்ப நாள் வெட்கப்பட்டாள்.

"பதினோரு வருஷம்," என்றாள் அந்தப் பெண். சாம்பல் கோட்டைக் கொத்தாகப் பிடித்தாள். "'எடையில எப்படித்தான் தப்பு விட்டேனோ'ன்னு ராத்திரியில எந்திரிச்சு உட்காருவார். 'நான் சரியாத்தானே போட்டேன்'ங்கிறார், அப்புறம் 'இல்லை, லைட்டம்மா கண்ணு தப்பாது'ங்கிறார். பதினோரு வருஷம் அவரையே அவருக்குச் சந்தேகமாக்கிட்டியே. தினமும் சாப்பிட்டீங்களான்னு வேற கேட்பியாமே?"

"ஆமா."

கன்னத்தில் அறை பளீரென்று விழுந்தது. படியில் நின்றவர்கள் ஓடிவந்தார்கள். அவள் கையை நீட்டி அவர்களைத் தடுத்தாள். அந்தப் பெண்ணுக்கு மூச்சு வாங்கியது. இன்னொன்று போடுவாளோ என்று இவள் கன்னத்தைத் திருப்பாமல் நின்றாள். விழவில்லை. அந்தப் பெண் பையை எடுத்துக்கொண்டு, கண்ணைத் துடைக்காமலேயே படியிறங்கிப் போனாள்.

அந்த அடியை அவள் எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தும் அதில் ஒரு குறை கண்டுபிடிக்க முடியவில்லை.

அறைக்குத் திரும்பினாள். கன்னம் எரிந்தது. ஜன்னலில் ஏழாம் பாத்திரக்காரர் ஈரத்துண்டோடு காத்திருந்தார். இன்று அவர் இருபத்தைந்து நிமிடமும் காத்திருந்துதான் மூடியைத் திறந்திருந்தார். அதை அவளிடம் சொல்லவேண்டும்போல நின்றார், சொல்லத் தெரியவில்லை.

"அக்கா, சாம்பல் லாட்," என்றார். "கோபமா இருக்கீங்களா? அப்புறமா வரவா?"

"கோபமாத்தான் இருக்கேன். துண்டை வெச்சுட்டுப் போங்க."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"பத்து நிமிஷம் ஆகும்."